டெனிஸ் எல்போ: பந்தடிக்காதவருக்கு வந்த மொளி நோ

பெரியப்பாவின் கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் இரண்டே சொல் எழுதியிருந்தது. வாசித்துச் சொன்னேன்: டெனிஸ் எல்போ. இடம்பெயர்ந்து அலைந்த காலம் தவிர மற்ற நாளெல்லாம் கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துக்குக் கீழே நெல் விதைத்த மனிதர் அவர். வலது முழங்கையை இடது கையால் பொத்திப் பிடித்தபடி கேட்டார்: "உதென்ன பேர் மோனை? நான் பந்தடிச்சதே இல்லையே."

நியாயமான கேள்வி. காலபோகத்துக்கு, அதாவது மாரிகால நெல் விதைப்புக்கு, முன் வரம்பு கட்ட நாள்கணக்கில் மண்வெட்டி பிடித்து வந்த நோவுக்கு, எங்கோ புல்தரையில் பந்தடித்தவர்களின் பெயர் எப்படி வந்தது? அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பிறகு சொற்களைத் தேடிப் பார்த்தபோது, வேண்டியதெல்லாம் எங்கள் வீட்டுப் பேச்சிலேயே கிடந்தது.

முதலில் எல்போ. பழைய ஆங்கிலத்தில் அது 'எல்ன்போகா'. 'எல்ன்' என்றால் முன்கையின் நீளம். அந்த நீளமே துணி அளக்கும் அளவாகவும் இருந்தது. 'போகா' என்றால் வளைவு. அளவுக்கை வளையும் இடம் எல்போ. லத்தீனில் இதன் உறவுச் சொல் 'அல்னா'. முன்கையில் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் எலும்புக்கு மருத்துவர்கள் இன்றும் சொல்லும் பெயர் அதுதான். தமிழில் அந்த எலும்பு அரந்தி. பெருவிரல் பக்கத்து எலும்பு ஆரை; சக்கரத்தின் ஆரக்காலை நினைத்து வைத்த பெயர். லத்தீன் 'ரேடியஸ்' என்பதற்கும் ஆரக்கால் என்றே பொருள். உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது அரந்தி ஏறத்தாழ நின்ற இடத்தில் நிற்க, ஆரைதான் அதன் மேலாகப் புரண்டு வருகிறது.

இப்போது எங்கள் சொல்லைப் பாருங்கள். முழங்கை: முழம், கை. மடித்த முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். இரண்டு சாண், ஏறத்தாழ 18 அங்குலம். எண்சாண் உடம்பு என்கிறோமே, அது நாலு முழம். நாலு முழ வேட்டி, எட்டு முழ வேட்டி என்று இன்றும் இந்தக் கை அளவில்தான் கடையில் கேட்கிறோம். ஆங்கிலேயரும் தமிழரும் தனித்தனியே ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள்: கையால் அளந்து, அளந்த கையின் மடிப்புக்கு அந்த அளவின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு சந்தேகம் வரும். முழங்காலால் யாரும் எதையும் அளப்பதில்லையே, அதில் ஏன் 'முழம்'? தெலுங்கிலும் இப்படித்தான்: முழம் 'மூர', முழங்கை 'மோசேயி', முழங்கால் 'மோகாலு'. கைக்கும் காலுக்கும் பொதுவாக நிற்கும் அந்த முதற்பகுதிக்கு முதலில் மூட்டு என்ற பொருள்தான் இருந்திருக்க வேண்டும், அளவு பின்னால் வந்தது என்பது என் எண்ணம். மொழி என்ற பழைய சொல்லுக்கும் கணு, உடம்பின் பொருத்து என்ற பொருள் உண்டு. நாங்கள் பேசுகிற மொழியோடு இதைக் குழப்பக் கூடாது; இது வேறு சொல். எங்கள் வாயில் ழகரம் ளகரமாகிவிடுவதால் அதைத்தான் மொளி என்கிறோம். விரல் மொளி, கணுக்கால் மொளி. சின்னப் பிள்ளைக்குக் குட்டு விழுவதும் இந்த மொளியில்தான்.

இந்த மொளியை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். முழு விளக்கமும் இதில்தான் நிற்கிறது.

பெரியப்பாவின் நோய்க்கு மருத்துவப் புத்தகத்துப் பெயர் 'லட்டரல் எபிகொண்டிலைட்டிஸ்'. வாய்க்குள் நுழையாத பெயர்தான், பிரித்தால் எளிது. 'லட்டரல்' என்றால் வெளிப்பக்கம். 'எபி' என்றால் மேலே. 'கொண்டிலோஸ்' கிரேக்கச் சொல். அதன் பொருள் விரல் மொளி! எலும்பின் முனையில் புடைத்து நிற்பதைக் கண்ட பழைய கிரேக்கனுக்கு மடக்கிய விரலின் மொளி நினைவுக்கு வந்திருக்கிறது. முல்லைத்தீவில் கரைவலை இழுக்கிறவருக்கும் அதே நினைவுதான் வரும். ஆக எபிகொண்டைல் என்பதை மேல்மொளி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். சமஸ்கிருதத்திலோ பழைய நிகண்டிலோ போய்த் தேட வேண்டியதில்லை.

கடைசியில் இருக்கும் 'ஐட்டிஸ்' தான் சிக்கல். அதற்கு அழற்சி என்று பொருள். சிவந்து, சுட்டு, வீங்கி நோவது. ஆனால் இந்த நோயில் கெட்டுப்போன திசுவை எடுத்து நுண்காட்டியில் பார்த்தவர்கள் அழற்சியின் அடையாளத்தை அதிகம் காணவில்லை. திரும்பத் திரும்ப இழுபட்டு, ஆறுவதற்கு அவகாசம் கிடைக்காமல் சிதைந்துபோன தசைநாண் நார்களைத்தான் கண்டார்கள். ஆங்கிலத்தில் தவறிய பெயரை நாங்கள் 'மேல்மொளி அழற்சி' என்று அப்படியே பெயர்த்தால் தவறும் சேர்ந்து வந்துவிடும். அழற்சி வேண்டாம். நோ போதும்.

சரி, டெனிஸ் எங்கிருந்து வந்தது? 1880களில் இங்கிலாந்தில் புல்தரை டெனிஸ் பெரிய மோகமாக இருந்தது. விளையாடிய பலர் முழங்கை நோவோடு வர, அங்குள்ள மருத்துவ இதழ்களில் அந்தப் பெயர் ஏறிவிட்டது. இந்த நோ வருகிறவர்களில் பெரும்பாலானோர் டெனிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. 35 வயதிலிருந்து 55 வரை உள்ளவர்கள்தான் கூடுதலாக வருகிறார்கள்: மேசன்மார், தச்சுவேலைக்காரர், நாள் முழுக்கத் துணி தைக்கிற பிள்ளைகள், உடுப்புப் பிழிந்து தேங்காய் துருவுகிற அம்மாமார். ஆனாலும் அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு பொருத்தம் இருக்கிறது. டெனிஸ் என்பது 'தெனே' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். பந்தை அடிக்கப் போகிறவர் எதிராளிக்குச் சொல்வது. 'பிடியுங்கோ' என்று பொருள். பெரியப்பாவின் நோவும் பிடியில் வந்ததுதான்.

எப்படி என்று பார்க்க உங்கள் கையே போதும். வலது கையை உள்ளங்கை கீழே இருக்க மேசையில் வையுங்கள். இடது கைப் பெருவிரலால் முழங்கையின் வெளிப்பக்கம் தடவினால் புடைப்பு ஒன்று தட்டுப்படும். அதுதான் வெளிமொளி. பெருவிரலை அதற்குச் சற்றுக் கீழே, முன்கைப் பக்கமாக வைத்துக்கொண்டு, வலது மணிக்கட்டை மேலே நிமிர்த்துங்கள். பெருவிரலுக்குக் கீழே தசை திரளுவது தெரிகிறதா? மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் தசைகள் பல அந்தச் சின்ன மொளியில்தான் தசைநாணால் கட்டுண்டிருக்கின்றன. நாண் என்றால் வில்லின் நாண்தான், நல்ல பெயர். எதையாவது இறுக்கிப் பிடிக்கும் போதெல்லாம் மணிக்கட்டு உள்ளே மடிந்துவிடாமல் இந்தத் தசைகள் பின்னால் இழுத்து நிறுத்துகின்றன. மண்வெட்டிப் பிடியை இறுக்குவது விரல், இழுபடுவது மொளி. அதனால்தான் நோ முழங்கையில் இருக்க, கேத்திலைத் தூக்கும்போதும் கதவுக் குமிழைத் திருப்பும்போதும் உயிர் போகிறது.

பெரியப்பா டொக்டரிடம் சொன்னது, "கை நோகுது, நரம்பு இழுக்குது." எங்களுக்குக் கை என்றால் தோளிலிருந்து விரல் நுனி வரை எல்லாம் கைதான். அவசரத்தில் பார்க்கிற டொக்டருக்கு அதிலிருந்து எதைப் பிடிப்பது? நரம்பு என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்று பாடப் புத்தகத்தில் நரம்பு என்றால் உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பு மட்டும்தான். பெரியவர்கள் பேச்சில் தசைநாணும் நரம்பு, புடைத்த இரத்தக் குழாயும் நரம்பு, யாழின் தந்தியும் நரம்பு. கிரேக்கத்தின் 'நியூரோன்' கூட முதலில் தசைநாணையும் வில்நாணையும் குறித்து, பிறகுதான் இன்றைய பொருளுக்கு வந்தது. ஆகவே பெரியப்பா பிழையாகச் சொல்லவில்லை; பழைய பொருளில் சரியாகச் சொன்னார். கேட்டவருக்குப் புதிய பொருள் மட்டும்தான் தெரியும்.

உண்மையில் நரம்பு நசிந்தால் வருவது பெரும்பாலும் விறைப்பு. முழங்கையின் உட்பக்கப் புடைப்பு உள்மொளி. அதற்குப் பின்னால் அரந்தி நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. கதவு நிலையில் அங்கே இடித்துவிட்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் அடித்த மாதிரி இருப்பது இதனால்தான். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் இரவில் விறைத்து, கையை உதறினால் தெளிகிறது என்றால் அது மணிக்கட்டுக்குள் நடு நரம்பு நெருக்கப்படுவது. அதைக் 'கார்பல் டனல்' என்பார்கள்; கிரேக்கத்தில் 'கார்போஸ்' என்றால் மணிக்கட்டு. உள்மொளியில் நோவென்றால் அதற்குக் 'கோல்ப் எல்போ' என்று பெயர். இன்னொரு பந்து விளையாட்டு!

நான் வைத்திருக்கிற பெயர் முழங்கை வெளிமொளி நோ. மற்றது உள்மொளி நோ. கட்டுரையில் எழுதவும் ஆகும், கிளினிக் வரிசையில் நின்று சொல்லவும் ஆகும். மொளி தெரியாத தமிழகத்து வாசகர் கணு என்று வைத்துக்கொள்ளலாம்.

பெயர் தெரிந்தால் வைத்தியமும் விளங்கும். இழுபட்டுச் சிதைந்த நாணுக்கு முதல் வேண்டியது சுமைக் குறைப்பு, பிறகு மெல்ல மெல்லப் பலம் ஏற்றும் பயிற்சி. பெரும்பாலானோருக்கு ஒரு வருடத்துக்குள் சுகமாகிவிடுகிறது, ஆனால் பொறுமை வேண்டும். ஸ்டீரொய்ட் ஊசி போட்டால் சில கிழமைக்கு நல்ல சுகம் தெரியும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்களே கூடுதலாகத் தேறியிருந்தார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எண்ணெய் போட்டு மெதுவாக உருவுவதில் தவறில்லை, மொளியை நெரித்துச் சுளுக்கெடுப்பதுதான் ஆகாது. விழுந்து கோணியிருந்தால், காய்ச்சலோடு மூட்டு வீங்கினால், விரல் சோர்ந்து பொருள் நழுவினால் நேரே ஆஸ்பத்திரிதான்.

அடுத்த கிளினிக்குக்கு முன் கொப்பியில் அந்த ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே 'முழங்கை வெளிமொளி நோ' என்று எழுதிக் கொடுத்து வாசித்தும் காட்டினேன். பெரியப்பா பெருவிரலால் அழுத்திப் பார்த்து, "ஓம், உந்த மொளிதான்" என்றார். தூக்குவதென்றால் உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்குங்கோ, அப்போது வெளிமொளிக்குச் சுமை குறைவு என்றும் சொல்லியிருந்தேன். அன்று பின்னேரம் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனவர், வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் திருப்பி, மறுபடி தூக்கினார்.