இழுக்க இழுக்க இறுகும் ஒட்டுப் புரதம்

சிறுநீர்ப்பாதைத் தொற்றோடு ஆய்வகத்துக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்பது இது: "இவ்வளவு தண்ணீர் குடிக்கிறேனே, கிருமி ஏன் அடித்துக்கொண்டு போகவில்லை?" நியாயமான கேள்விதான். சிறுநீரின் ஓட்டமே உடலின் முதல் காவல். அந்த ஓட்டத்தைத் தாக்குப்பிடிக்கத்தான், இந்தத் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியா ஃபிம்-ஹெச் என்ற ஒட்டுப் புரதத்தை வைத்திருக்கிறது.

பாக்டீரியாவின் உடலெங்கும் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் நீள நுண்ணிழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரே வகைப் புரதம் திரும்பத் திரும்பச் சுருளாக அடுக்கப்பட்டு இழையின் தண்டு உருவாகிறது. நுனியில் இருப்பது ஒற்றை ஃபிம்-ஹெச் மூலக்கூறு. சிறுநீர்ப்பையின் உட்புறச் செல்களில் யூரோபிளாகின் என்ற புரதத்தோடு மேனோஸ் என்னும் சர்க்கரை இணைந்திருக்கிறது. ஃபிம்-ஹெச்சில் உள்ள சிறு குழி அந்தச் சர்க்கரையைக் கவ்விக்கொள்ளும்.

ஃபிம்-ஹெச்சுக்கு இரண்டு பகுதிகள் உண்டு: ஒன்று சர்க்கரையைப் பிடிக்கும், மற்றொன்று இழையோடு கோத்திருக்கும். இழுப்பு இல்லாதபோது இரண்டும் நெருங்கி நிற்கின்றன. பிடியும் தளர்வாக இருக்கிறது. சிறுநீர் பாய்ந்து பாக்டீரியாவை இழுத்தால் இரண்டும் விலகுகின்றன. உடனே குழி இறுகி, சுருக்குக் கயிறு போலப் பிடி வலுக்கிறது. தண்டின் சுருளும் பிரிந்து நீண்டு, இழுப்பின் அதிர்வை வாங்கிக்கொள்கிறது. ஓட்டம் நின்றதும் பிடி தளரும். கிருமி நகர்ந்து வேறிடம் தேடும். எதிராளி என்றாலும் இந்த வடிவமைப்பை வியக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பிடியைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஈஸ்ட்டின் செல்சுவரில் மேனோஸ் நிறைய உண்டு. கண்ணாடித் தகட்டில் ஈஸ்ட் கரைசலோடு இந்த நுண்ணிழை உள்ள ஈ.கோலையைக் கலந்து மெல்ல ஆட்டினால், பால் போலிருந்த கலவை திரிந்து துகள் துகளாகத் திரளும். மேனோஸ் கரைசலை முதலிலேயே சேர்த்துவிட்டால் திரளாது. புரதத்தின் குழிகள் முன்பே நிரம்பிவிடுகின்றன.

அப்படியென்றால் மேனோஸ் பொடி சாப்பிட்டால் போதுமே என்று தோன்றும். கடைகளிலும் அது விற்பனைக்கு இருக்கிறது. ஆனால் அடிக்கடி தொற்று வரும் 598 பெண்களிடம் பிரிட்டனில் ஆறு மாதம் நடந்து, 2024இல் வெளியான ஆய்வில் அதனால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. தகட்டில் நடப்பதெல்லாம் உடலில் நடந்துவிடாது.

தண்ணீரின் கதை வேறு. வழக்கமாகக் குறைவாகக் குடித்து, அடிக்கடி தொற்றுக்கு ஆளான பெண்கள் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தபோது, அவர்களுக்கு ஆண்டில் சராசரியாக 1.7 முறையே தொற்று வந்ததையும், அப்படிக் கூடுதலாகக் குடிக்காதவர்களுக்கு 3.2 முறை வந்ததையும் 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அது வருமுன் காக்கும் வழி. எரிச்சலும் வலியும் தொடங்கிய பிறகு தண்ணீரை மட்டும் நம்பி நாட்களைக் கடத்த வேண்டாம். ஒட்டிய பாக்டீரியா செல்லுக்குள்ளும் புகுந்துவிடக்கூடும். அங்கே ஓட்டம் எட்டாது. சிறுநீரகத்தைத் தாக்கும் சில வகைகளிடம் அங்குள்ள சர்க்கரைகளைப் பிடிக்கத் தனி ஒட்டுப் புரதமே இருக்கிறது. குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழ் முதுகில் வலி, வாந்தி இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணிகள் இலேசான அறிகுறிக்கும் காத்திருக்கக் கூடாது.

மருத்துவர் கல்ச்சர் பரிசோதனை (சிறுநீரில் உள்ள கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது) எழுதிக் கொடுத்தால், ஆன்டிபயாட்டிக்கின் முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீர் மாதிரியைக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் மிஞ்சிய மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு வந்தால் தட்டில் கிருமி வளராமலே போகலாம். எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று எங்களால் சொல்ல இயலாது.