தீமுடுக்கி: ‘ஆக்சிலரன்ட்’ என்னும் சொல்

தீவைப்பு வழக்குகளில் அடிபடும் ‘ஆக்சிலரன்ட்’ என்ற சொல், தீயை மூட்டவோ விரைந்து பரவச் செய்யவோ வேண்டுமென்றே பயன்படுத்தப்படும் எரிபொருளையோ, எரிவதற்கு ஆக்சிஜன் தரும் ஆக்சிஜனேற்றியையோ குறிக்கும். பெரும்பாலும் அது பெட்ரோலாகவோ மண்ணெண்ணெயாகவோ இருக்கும். இலத்தீனில் ‘கெலெர்’ என்றால் விரைவானது. பைக்கில் நாம் முறுக்கும் ஆக்சிலரேட்டரும் அதே வேரில் கிளைத்ததுதான். இயற்பியலில் ‘முடுக்கம்’, ‘துகள் முடுக்கி’ ஆகிய சொற்கள் நிலைத்துவிட்டதால், இதற்குத் ‘தீமுடுக்கி’ என்பது இயல்பாகப் பொருந்துகிறது. ‘எரியூக்கி’ என்று சொல்லலாமே எனத் தோன்றும். ஆனால் அது, வேதிவினையை விரைவுபடுத்தும் வினையூக்கியை நினைவூட்டிக் குழப்பும். வினையூக்கி வினை முடிந்த பின்னும் தீராமல் எஞ்சும். பெட்ரோலோ தானே எரிந்து தீர்கிறது.

நுட்பமாகப் பார்த்தால் எரிவது திரவமன்று, அதன் ஆவி. பெட்ரோல் ஏறத்தாழ மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடுகிறது. மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 38 டிகிரியாவது வேண்டும். எரிந்த இடத்தில் எடுக்கும் கம்பளத் துண்டைச் சாதாரணப் பிளாஸ்டிக் பையில் போடாமல், காற்றுப் புகாத தகர டப்பாவில் அடைப்பதும் இந்த ஆவிக்காகத்தான். ஆய்வகத்தில் டப்பாவுக்குள் கரிப்பட்டை ஒன்றைத் தொங்கவிட்டு மிதமாகச் சூடாக்குவார்கள்; கரி உறிஞ்சிய ஆவியை வளிம நிறப்பகுப்புக் கருவி (கேஸ் குரோமட்டோகிராஃப்) தனித்தனிச் சேர்மங்களாகப் பிரித்துக் காட்டும். கம்பளமே வெந்து சிதையும்போது பெட்ரோலில் உள்ள சில சேர்மங்கள் உண்டாவதால், கருவி காட்டுவதைப் படிக்கத் தேர்ந்த கண் வேண்டும்.

சொல்லின் சிக்கல் ‘வேண்டுமென்றே’ என்பதில் இருக்கிறது. திரவத்தைக் காட்டும் கருவி, ஊற்றியவரின் நோக்கத்தைக் காட்டாது. ஆகவே ஆய்வக அறிக்கைக்கு ‘தீப்பற்றும் திரவம்’ என்பதே நேர்மையான சொல். ‘தீமுடுக்கி’ என்பதை, நோக்கம் மெய்ப்பிக்கப்பட்ட பிறகே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

அமெரிக்காவின் ஜாக்சன்வில் நகரில் 1990-இல் ஆறு பேரைப் பலிகொண்ட வீட்டுத் தீயில், தரையின் கருகல் தடங்களைப் பார்த்துத் திரவம் ஊற்றப்பட்டதாகவே முதலில் கருதினர். ஜான் லென்டினி, ஜான் டிஹான் என்ற ஆய்வாளர்கள் அதே அமைப்பிலான இன்னொரு வீட்டில் சோபாவுக்கு மட்டும் தீ வைத்துப் பார்த்தனர். ஐந்து நிமிடத்துக்குள் கூரையடியில் திரண்ட வெப்பத்தால் அறையிலிருந்த அனைத்தும் ஒருசேரப் பற்றிக்கொண்டன. ஒரு சொட்டும் ஊற்றாத தரையில் அதே போன்ற தடங்கள் விழுந்திருந்தன. குற்றஞ்சாட்டப்பட்டவர் மீதான வழக்கு கைவிடப்பட்டது.