பழைய தேவாலயச் சுவருக்கு ஏன் சிமெண்ட் ஆகாது?

குமரி மாவட்டத்தின் பழைய தேவாலயங்கள் பலவற்றில் ஒரே நோயைப் பார்க்கலாம். உள்சுவரில் இடுப்பளவு உயரம் வரை பெயின்ட் கொப்பளித்து, வெள்ளையாக உப்புப் பூத்துப் பொரிந்து உதிரும். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அதைச் சுரண்டிவிட்டு, சிமெண்ட் பூசி எமல்ஷன் அடிப்பார்கள். சில மழைக்காலம் போனால் பூச்சோடு செங்கல்லும் மாவாக உதிரும்.

1819இல் தொடங்கிய நாகர்கோவில் ஹோம் சர்ச்சும், 1821இல் திறந்த எழும்பூர் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் சிமெண்ட் வராத காலத்தவை. அன்றைய மதராஸில் கிரேக்கப் பாணித் தூண்கள் பெரும்பாலும் செங்கல்தான். மேலே சிப்பிச் சுண்ணாம்பு பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல மினுக்கினார்கள்.

சிப்பியைச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். நீர் விட்டால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். சுவரில் பூசிய பிறகு அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்து, மறுபடியும் சிப்பியில் இருந்த அதே கால்சியம் கார்பனேட்டாக இறுகும். கடுக்காய், கருப்பட்டிச் சாறு சேர்ப்பதும் சும்மா இல்லை: கருப்பட்டியின் சர்க்கரை, நீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரைய உதவுகிறது. அளவு மிஞ்சினால் இறுகவே தாமதமாகும்.

இப்படி இறுகிய பூச்சில் நுண்துளைகள் ஏராளம். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் அவற்றின் வழியே ஆவியாகிவிடும். சிமெண்டும் எமல்ஷனும் அந்த வழியை அடைக்கின்றன. ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாக வளர்ந்து செங்கல்லை உடைக்கிறது. சுவரைக் கெடுப்பது ஈரத்தைவிட இந்த உப்புதான் என்பேன்.

அதனால் சீரமைப்பு ஈரத்தை நிறுத்துவதில் தொடங்குகிறது. முதலில் கூரை ஒழுக்கு, அஸ்திவாரத்தில் தேங்கும் நீர் இரண்டையும் நிறுத்த வேண்டும். அப்புறம் சிமெண்டை உளியால் மெதுவாகப் பெயர்த்து, களிமண்ணும் காகிதக் கூழும் கலந்து சுவரில் பற்றுப் போடுவார்கள். அது காயும்போது உப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பழைய பூச்சைத் தட்டிப் பார்த்து, வெற்றோசை கேட்கும் இடத்தில் மட்டும் சுண்ணாம்புக் குழம்பைச் செலுத்தி ஒட்டவைப்பார்கள். நல்ல பூச்சில் கைவைக்கக் கூடாது.

பழைய பூச்சின் துண்டை நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் மிஞ்சும். அதை எடைபோட்டால் பழைய கொத்தனார் போட்ட விகிதம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். புதுக் கலவையும் அதையொட்டியே இருக்க வேண்டும். மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வொன்றும் இறுகும் வரை ஈரச் சாக்கு போர்த்தி, சட்டெனக் காயாமல் காக்க வேண்டும். கடைசியில் எமல்ஷன் வேண்டாம், சுண்ணாம்பு அடித்தால் போதும்.

இரண்டு பருவமழையும் பெய்யும் குமரியில் சுவர் காய ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. கிறிஸ்துமஸுக்குள் முடிக்கச் சொல்லும் சபைக் கமிட்டியிடம், கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு தொடங்கலாம் என்று கொத்தனார் தயங்காமல் சொல்லலாம்.