மூன்றாம் மாதத்துச் சீட்டு

கர்ப்பமாகி ஏழு மாதம் முடிகிற நேரத்தில்தான் அந்தப் பெண் முதன்முறையாக என்னிடம் வந்தார். வீட்டு வேலை செய்பவர். கால் வீக்கத்தில் செருப்பு வார் பள்ளமாகப் பதிந்திருந்தது. ரத்த அழுத்தம் 160/110. சிறுநீரில் புரதம். இரண்டும் சேர்ந்தால் வலிப்பு வரை போகக்கூடிய ஆபத்து. இரண்டு நாட்களாகத் தலைவலி, வேலைக் களைப்பு என்று நினைத்தேன் என்றார்.

"இவ்வளவு நாள் என்னம்மா செய்தீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

பையிலிருந்து நான்காக மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். மூன்றாம் மாதமே ஒரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். பாதி நாள் வரிசையில் நின்றவரை, ரத்தப் பரிசோதனைக்கு மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் கூலி போயிற்று. மறுநாளும் வரவில்லை என்றால் வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அதோடு அவர் போகவில்லை.

முதல் பிரசவத்திலும் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. மூன்றாம் மாதம் போன அன்றைக்கே யாராவது அதைக் கேட்டிருந்தால், இம்முறை அது வரும் வாய்ப்பைக் குறைக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரினை 20 வாரத்துக்குள் தொடங்கியிருக்கலாம். அந்த வாய்ப்பு கடந்துவிட்டது. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது.

கர்ப்ப காலத்தில் குறைந்தது 8 முறை பரிசோதனை, முதலாவது 12 வாரத்துக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. சரியான பரிந்துரைதான். ஆனால் தினக்கூலிப் பெண்ணுக்கு அது 8 நாள் சம்பளம்; ஒவ்வொரு முறையும் "நாளைக்கு வா" என்றால் 16 நாள். பரிசோதனை இலவசமாக இருக்கலாம். போக்குவரத்துச் செலவும், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளும் இலவசமாகக் கிடைப்பதில்லை. இதைக் கணக்கில் கொள்ளாமல் "விழிப்புணர்வு இல்லை" என்று சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

ரத்த அழுத்தம், சிறுநீர், ஹீமோகுளோபின், சிபிலிஸ் என்ற பால்வினை நோய், எச்ஐவி. இவை அனைத்தையும் ஒரே வருகையில் பார்த்து முடிவையும் சொல்லிவிட முடியும். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால், அதாவது ரத்தசோகை என்றால், இரும்புச்சத்து மாத்திரையை அன்றே கையில் கொடுத்துவிடலாம். வேண்டியது திட்டமிடல் மட்டுமே.

கர்ப்பிணிகளுக்கு ஒன்று சொல்கிறேன். எத்தனை மாதமானாலும் வாருங்கள், திட்டுவார்கள் என்று தயங்காதீர்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம், ரத்தப்போக்கு, பிள்ளை அசைவு குறைதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே வந்துவிடுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட் கொடுத்து, 34 வாரம் வரை மருத்துவமனையிலேயே வைத்திருந்து பிரசவம் பார்த்தோம். தாயும் பிள்ளையும் நலம். வீட்டுக்குப் புறப்படும்போது, அடுத்து வர வேண்டிய தேதியை எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எனக்கும் பிள்ளைக்கும் ஒரே நாளில் பார்த்துவிடுவீர்களா, டாக்டர்?"