அணுகல்தன்மையா, தடையற்ற புழக்கமா?

'அணுகல்தன்மை' என்ற சொல் இப்போது எங்கும் வந்து உட்கார்ந்துவிட்டது. கைபேசி அமைப்புகளில் இருக்கிறது, இணையதளங்களின் ஓரத்தில் இருக்கிறது, கருத்தரங்க அழைப்பிதழ்களில் இருக்கிறது. குன்னூர்ப் பக்கம் ஓர் அலுவலகத்தில் 'இக்கட்டடம் அணுகல்தன்மை உடையது' என்று பலகையே மாட்டிவிட்டார்கள். அதைப் படித்த பெரியவர் ஒருவர், "அணுகணும்னு போட்டிருக்கு, யாரைப் பார்க்கணும் தம்பி?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. 'மேலாளரை அணுகவும்', 'அறை எண் 4-ஐ அணுகவும்' என்றே பலகைகளில் படித்துப் பழகியவருக்கு வேறு எப்படித் தோன்றும்?

ஆங்கிலத்தில் இதை ஆக்சஸிபிலிட்டி என்கிறார்கள். இலத்தீனில் 'அருகே செல்' என்ற வினையிலிருந்து வந்தது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த வேரைப் பிடித்துக்கொண்டு, அணுகு, அணுகல், அணுகல்தன்மை என்று ஏணி கட்டிவிட்டார்கள். ஆனால் ஆங்கிலச் சொல் வேரை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. பார்வையில்லாதவர், காது கேளாதவர், சக்கர நாற்காலியில் வருபவர் என யாராக இருந்தாலும் ஓர் இடத்துக்கு வந்து, உள்ளே போய், வேலையை முடித்துக்கொண்டு, பிறர் தயவில்லாமல் திரும்ப முடிவதுதான் இன்று அதன் பொருள். கட்டடம், பேருந்து, இணையதளம், படிவம் எல்லாம் இதில் அடக்கம்.

முதலில் இலக்கணம். அணுகல் தொழிற்பெயர், அணுகுகிறவரின் செயல். 'அணுகல்தன்மை உடைய கட்டடம்' என்றால் கட்டடமே எழுந்து நம் பக்கம் வருகிற தன்மை உடையது என்றுதான் தமிழ்க் காது கேட்கும். சிலர் எழுதும் 'அணுகுதிறன்' இன்னும் மோசம். குறையைக் கட்டடத்திலிருந்து எடுத்து மனிதர் தலையில் வைக்கிறது. உனக்குத் திறன் இருந்தால் வா என்பது போல. 'அணுகத்தக்க' என்று மாற்றினால் இலக்கணம் சரியாகிவிடும். பொருள் சரியாகாது.

ஏனென்றால் அணுகுவது பக்கத்தில் போவது மட்டும்தான். 'அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க' என்ற குறளில் (691) அணுகுதல் நெருப்புக்கு ரொம்பக் கிட்டே போவது. நெருப்புக்குள் இறங்குவதை யாரும் அணுகுதல் என்று சொல்வதில்லை. பக்கம் வரைக்கும்தான் அந்தச் சொல்லின் எல்லை.

அந்தக் குன்னூர்க் கட்டடமும் சொல்லுக்கு உண்மையாகவே நடந்துகொண்டது. வாசலில் மூன்று படி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். நம் நாட்டுத் தரநிலைப்படி சாய்தளத்தின் ஏற்றம் 12-க்கு 1-ஐ, அதாவது 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரத்தைத் தாண்டக்கூடாது. ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி நீளம் வேண்டும். அங்கே படிக்குப் பக்கத்தில் போட்டிருந்த சாய்தளம் ஆறேழு அடி. கல்லாறு தாண்டிக் குன்னூருக்கு ஏறும் மலை ரயிலின் உச்ச ஏற்றமும் அதே 12-க்கு 1 கணக்குதான். அதற்கே நடுவில் பற்சட்டம் பதித்து, பற்சக்கரம் கடித்துக் கடித்துத்தான் வண்டி ஏறுகிறது. இங்கே கைப்பிடிக் கம்பிகூடக் கிடையாது. சரி, யாராவது தள்ளிவிட்டு ஏறினாலும் நிலைவாசல் நாலு விரல் தூக்கலாக நிற்கிறது. அணுகியாயிற்று, அவ்வளவுதான்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்தது, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. தரநிலைகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்று தரக்கூடாது என்கிறது பிரிவு 44. அதே சட்டம் 'தடை' என்ற சொல்லுக்குத் தனி விளக்கம் தருகிறது. படி, சுவர் மட்டுமல்ல, மனப்பான்மையும் அதில் ஒரு தடை. இதை வைத்துப் பார்த்தால் அரசுத் தாள்களில் வரும் 'தடையற்ற சூழல்' எவ்வளவோ தேவலை. ஆனால் பெயர்ச்சொல்லாக்கித் 'தடையின்மை' என்றால் மாட்டிக்கொள்வோம். மலையில் வீடு கட்டப் போனவர்களைக் கேளுங்கள். தடையின்மை என்றதும் அவர்களுக்கு நினைவு வருவது எந்தெந்தத் துறையிலோ வாங்க வேண்டிய சான்றுதான்.

வீட்டிலேயே இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம்: புழங்கு. 'சமையல்கட்டுல புழங்க இடமில்ல', 'புழங்குற தண்ணி', 'புழங்குற பாத்திரம்'. வருவது, நடமாடுவது, எடுத்து வைப்பது எல்லாம் அந்த ஒரே வினைக்குள் இருக்கின்றன. 'அவங்க வீட்ல நாங்க புழங்குறதில்ல' என்று சாதி பார்த்து ஒதுக்கியதும் இதே சொல்லால்தான். ஆகவே மனப்பான்மைத் தடையும் இதற்குப் புதிதல்ல. 'எல்லோரும் புழங்கத்தக்க கட்டடம்' என்று எழுதினால் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பாட்டிக்கும் புரியும். பெயர்ச்சொல் வேண்டுமானால் 'தடையற்ற புழக்கம்'.

புழக்கம் கொச்சை என்று ஒரு தமிழாசிரியர் முகம் சுளித்தார். பணப்புழக்கம் என்று பொருளியல் பாடத்தில் எழுதும்போது சுளிக்காத முகம். இன்னொரு மறுப்பில் கொஞ்சம் நியாயம் உண்டு: செய்தித்தாள்கள் இந்தச் சொல்லைக் கஞ்சாவுக்கும் கள்ளநோட்டுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டன. மீட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அணுகல்தன்மைக்குப் பதிலாகச் சிலர் எழுதும் 'மாற்றுத்திறன் வசதி' என்பதும் எனக்கு ஒப்பவில்லை. கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் எந்தத் தாத்தாவும் அதைத் தனக்கானது என்று நினைத்துத் தொடமாட்டார். அதோடு வசதி என்றால் யாரோ பார்த்துச் செய்து கொடுப்பது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் வந்த 2017 விதிகளில், தரநிலைகளைச் சொல்லும் 15(1)-ஆம் விதி வெறும் பரிந்துரையாகவே நிற்கிறது, கட்டாயமாக்கவில்லை என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று அதைச் செல்லாது என்றது. நீதிமன்றம் கட்டாயம் என்ற பிறகும் நாம் வசதி என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இந்தத் துறை மொழிபெயர்ப்பே இப்படித்தான். எல்லோருக்குமான வடிவமைப்பை, ஆங்கிலத்தில் யுனிவர்சல் டிசைன், 'உலகளாவிய வடிவமைப்பு' என்கிறார்கள். உலகம் எங்கே வந்தது? அதைவிட ஒன்று உண்டு. ஒருவரின் தேவைக்கேற்பத் தாங்கக்கூடிய அளவில் மாற்றம் செய்து தருவதை இச்சட்டம் கேட்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு ரீசனபிள் அக்காமடேஷன் என்று பெயர். அதை ஒரு கையேட்டில் 'நியாயமான தங்குமிடம்' என்று அச்சடித்திருந்தார்கள். மே மாதச் சீசனில் ஊட்டிக்காரரிடம் அதைக் காட்டினால் லாட்ஜ் வாடகையைத்தான் சொல்வார். 'தகுந்த மாற்றம் செய்து தருதல்' என்றே எழுதலாம். நான்கு சொல் ஆகும், பரவாயில்லை. கோப்பைப் பார்க்கும் எழுத்தர் ரூம் தேடிப் போகமாட்டார்.