விலாங்குக்குச் சொந்த ஊர் எது?

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்கு என்று நாம் ஆட்களைத் திட்டுவோம். ஐரோப்பிய விலாங்கோ விஞ்ஞானிகளுக்கு ரொம்ப காலம் தலை, வால் இரண்டையுமே காட்டவில்லை. அதன் வயிற்றில் சினையையும் விந்தையும் காணோம் என்பதால், இது சேற்றிலிருந்துதான் உண்டாகிறது என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். 1876இல் சிக்மண்ட் ஃபிராய்டு (ஆமாம், பின்னாளில் மனசைக் கிளறிய அதே ஃபிராய்டுதான்) ட்ரியெஸ்ட் நகரில் உட்கார்ந்து சுமார் 400 விலாங்குகளை அறுத்து ஆண் மீனின் விதைப்பையைத் தேடினார். உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. சிக்கல் என்னவென்றால், ஆற்றிலும் ஏரியிலும் இருக்கும்வரை விலாங்கு முழுப் பருவத்துக்கு வருவதே இல்லை. பல வருஷம் நன்னீரில் தின்று வளர்ந்துவிட்டு, ஒருநாள் வயிறு வெள்ளி நிறமாகி, கண் பெரிதாகி, சாப்பாட்டையும் நிறுத்திவிட்டு கடலில் இறங்கிப் போய்விடும். அப்புறம் திரும்பி வராது.

எங்கே போகிறது என்பதைத் தேடியவர் டென்மார்க்கின் யோஹன்னஸ் ஷ்மிட். 1904இல் ஃபேரோ தீவுகளுக்கு மேற்கே அவர் வலையில் ஒரு விலாங்குக் குஞ்சு மாட்டியது, 7.7 சென்டிமீட்டர் நீளம், மூங்கில் இலை மாதிரி உடம்பு, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். இதைவிடச் சின்னக் குஞ்சு எங்கே கிடைக்கிறதோ அந்தப் பக்கம்தான் பிறந்த இடம் இருக்கும், அவ்வளவுதான் கணக்கு. அதைப் பிடித்துக்கொண்டு அட்லாண்டிக்கை வருஷக்கணக்கில் சல்லடை போட்டு, 1920களின் தொடக்கத்தில் வட அட்லாண்டிக்கின் சர்காசோ கடலில் போய் நின்றார். அங்கே ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத குஞ்சுகள் கிடைத்தன. ஐரோப்பாவிலிருந்து ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல்.

சரி, பிறக்கிற இடம் தெரிந்துவிட்டது. ஆனால் மொராக்கோ ஆற்று விலாங்கும், இத்தாலி விலாங்கும், நார்வே விலாங்கும் சர்காசோவில் போய் ஒன்றோடொன்று கலக்கின்றனவா, இல்லை அந்தப் பெரிய கடலிலும் அவரவர் கூட்டம் தனித்தனியாக ஒதுங்கிக்கொள்கிறதா? கடலில் நின்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஐரோப்பிய விலாங்கு முட்டையிடுவதை அங்கே யாரும் கண்ணால் பார்த்ததில்லை. செயற்கைக்கோளோடு பேசும் கருவியைக் கட்டிவிட்டு, அசோர்ஸ் தீவுகளிலிருந்து கிளம்பிய பெரிய விலாங்குகள் சர்காசோ வரை போய்ச் சேர்ந்ததை நேரடியாகக் காட்டிய ஆய்வே 2022இல்தான் வந்தது. மிச்சத்தை டி.என்.ஏ.விடம்தான் கேட்க வேண்டும்.

டி.என்.ஏ. இதை எப்படிச் சொல்லும்? இரண்டு ஊர்கள் தங்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்காமல் பல தலைமுறை இருந்துவிட்டால், ஒரு ஊரில் சுருட்டை முடி கூடும், இன்னொன்றில் பூனைக்கண் கூடும். யாரும் திட்டம் போடுவதில்லை, தற்செயலாகவே விகிதம் விலகிப்போகும். மீன்களிலும் இதேதான். மரபணுத் தொகுதியில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் திக்குவாய் மாதிரி திரும்பத் திரும்ப வரும். ஒரு மீனுக்கு அந்தத் திக்கல் பத்து தடவை, இன்னொன்றுக்குப் பதினான்கு தடவை. ஒவ்வொரு ஆற்றிலும் எந்த எண்ணிக்கை எவ்வளவு பேருக்கு என்று எண்ணி ஒப்பிட்டால், அந்த ஊர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் உண்டா என்று தெரிந்துவிடும். கொடுக்கல் வாங்கல் பெரிதாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. தலைமுறைக்கு ஒரு சில மீன்கள் கலந்தாலே வித்தியாசம் பெரிதாக வளரவிடாது. கடல் மீன் ஆய்வில் தலைவலியே இதுதான். கூட்டம் கோடிக்கணக்கில் இருப்பதால் விகிதம் மெதுவாகத்தான் விலகும், அதைக் கொஞ்சூண்டு கலப்பும் அழித்துவிடும், மிஞ்சுகிற வித்தியாசத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும்.

சால்மனில் இந்தத் தலைவலி குறைவு. அது கடலெல்லாம் சுற்றிவிட்டுப் பிறந்த ஆற்றுக்கே முட்டையிடத் திரும்புகிறது, அதனால் ஆற்றுக்கு ஆறு மரபணு முத்திரை வேறு. விலாங்கின் பயணம் அப்படியே தலைகீழ், பிறப்பு கடலில், வளர்ப்பு ஆற்றில்.

2001இல் விலாங்கிலும் வித்தியாசம் இருக்கிறது என்று ஒரு ஆய்வு நேச்சர் இதழில் வந்து பரபரப்பானது. ஊர்கள் தூரம் போகப்போக மரபணுவும் விலகுகிறதாம். வித்தியாசத்தின் அளவு என்ன தெரியுமா? மொத்த மரபணு வேறுபாட்டில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. ஆனாலும் கணக்குப்படி அது தற்செயல் இல்லை என்றார்கள். 2005இல் இன்னொரு குழு ஐஸ்லாந்து முதல் மொராக்கோ வரை நாற்பது இடங்களுக்கு மேல் மீன் எடுத்தது, ஒரே இடத்தில் வெவ்வேறு வருஷத்திலும் எடுத்தது. வித்தை அங்கேதான் இருந்தது. ஒரே ஆற்றில் வருஷத்துக்கு வருஷம் இருந்த வித்தியாசம், ஊருக்கு ஊர் இருந்த வித்தியாசத்தைவிடப் பெரிது! பேருந்து நிலையத்தில் காலை எட்டு மணிக்கு ஒரு கல்யாண கோஷ்டி இறங்குகிறது. அதை மட்டும் பார்த்துவிட்டு இந்த ஊரில் எல்லாரும் பட்டுச்சேலைதான் கட்டுவார்கள் என்று எழுதினால் எப்படி? கரைக்கு வரும் குட்டிகள் அலை அலையாகத்தான் வருகின்றன, ஒரு அலைக்குப் பெற்றோர் ஒரு கூட்டம், அடுத்த அலைக்கு வேறு கூட்டம். முதல் ஆய்வைக் குறைசொல்ல மனம் வரவில்லை, அன்று கையில் இருந்த மீனை வைத்து அவர்கள் எண்ணினார்கள்.

அப்புறம் டென்மார்க்கின் கலாத்தியா 3 என்ற கடலாய்வுக் கப்பல் பயணத்தில் 2007இல் சர்காசோவிலேயே குஞ்சுகளைப் பிடித்து வந்து பார்த்தார்கள், பிரிவு எதுவும் இல்லை. 2021இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெய்ஃப் ஆண்டர்சன் குழு மரபணுத் தொகுதியை முழுசாகவே படித்தது. முடிவு அதேதான், ஐரோப்பா முழுவதும், வட ஆப்பிரிக்காவையும் சேர்த்து, ஒரே சம்பந்தக் கூட்டம். இதற்கு உயிரியலில் பான்மிக்ஸியா என்று பெயர்.

எனக்கு இதில் பிடித்த இடம், அதே ஆண்டர்சன் குழு முன்பே ஹெர்ரிங் மீனில் (நம் மத்திக்குச் சொந்தக்காரன்) நேர் எதிராகக் கண்டிருந்தது. உப்பு குறைந்த பால்டிக் கடலின் ஹெர்ரிங்குக்கும் அட்லாண்டிக் ஹெர்ரிங்குக்கும் பல மரபணுக்களில் பளிச்சென்ற வித்தியாசம். பால்டிக் தண்ணீர் சிவந்த வெளிச்சத்தைத்தான் அதிகம் உள்ளே விடும் என்பதால் கண்ணில் இருக்கும் ஒளியுணர் புரதத்தில் ஒரு அமினோ அமிலம்கூட மாறியிருக்கிறது. ஹெர்ரிங்குக்கு அது முடிகிறது, ஏனென்றால் அதன் பிள்ளைகள் அதே தண்ணீரில்தான் வாழப்போகின்றன. விலாங்குக்கு அந்த உத்தரவாதம் இல்லை. ஆற்றின் வெப்பம், உப்பு ஒத்துவராமல் சில குட்டிகள் சாகும், சில பிழைக்கும், அந்தத் தலைமுறைக்கு மட்டும் ஒரு சின்ன மரபணு வித்தியாசம் தட்டுப்படலாம். அமெரிக்க விலாங்கில் அதைப் பார்த்தும் இருக்கிறார்கள். ஆனால் பிழைத்தவை சர்காசோவுக்குப் போனதும் சீட்டுக்கட்டைக் கலைத்துப்போட்ட மாதிரி எல்லாம் கலந்துவிடும், பிள்ளையை நீரோட்டம் எந்தக் கரைக்குக் கொண்டுபோகும் என்று தாய்க்கே தெரியாது. அதனால் விலாங்கு போன இடத்துக்கு ஏற்ப உடம்பை வளைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறது. ஆணா பெண்ணா என்பதுகூட பெரும்பாலும் வளர்கிற இடம் பார்த்துத்தான், நெரிசல் அதிகமானால் ஆண்கள் கூடும்.

அமெரிக்க விலாங்கும் சர்காசோவில்தான் பிறக்கிறது. வேறு இனம், சுமார் 30 லட்சம் வருஷத்துக்கு முன் பிரிந்த கிளை என்று ஒரு மதிப்பீடு. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், முதுகெலும்புக் கணுக்களை எண்ணினால்தான் தெரியும்: அமெரிக்கனுக்குச் சராசரியாக 107, ஐரோப்பியனுக்கு 114, 115. அமெரிக்கக் குஞ்சு சீக்கிரம் உருமாறிப் பக்கத்துக் கரையில் ஏறிவிடும், ஐரோப்பியக் குஞ்சு நீண்ட காலம் மிதந்து போகும். இரண்டும் கலந்து பிறந்த பிள்ளை? ஐஸ்லாந்தில் 2006இல் வந்த ஆய்வில் சுமார் 15 சதவீத விலாங்குகள் கலப்பினம் என்று தெரிந்தது, மற்ற இடங்களில் அவை அபூர்வம். மிதக்கும் காலமும் பெற்றோருக்கு நடுவே இருந்து, பாதி வழியில் உள்ள தீவில் ஏறிவிடுகின்றன என்பதுதான் சொல்லப்படும் விளக்கம், அழகான விளக்கமும்கூட.

இந்தக் கதைக்கு இன்று போலீஸ் வேலையும் சேர்ந்துவிட்டது. ஐரோப்பியக் கரைக்கு வரும் குட்டிகள் 1980க்குப் பிறகு 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டன. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு 2009இல் நடைமுறைக்கு வந்தது, 2010 முடிவில் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுமதியையே நிறுத்தியது. ஆனாலும் உயிரோடு இருக்கும் குட்டிகள் பெட்டிகளில் அடைத்து ஆசியப் பண்ணைகளுக்குக் கடத்தப்படுகின்றன. 2020இல் வெளியான ஆய்வில் ஹாங்காங் கடைகளிலிருந்து எடுத்த விலாங்கு உணவுகளில் கிட்டத்தட்ட பாதி ஐரோப்பிய இனம். சாஸ் ஊற்றிச் சுட்ட துண்டிலிருந்தும் டி.என்.ஏ. எடுத்து இனத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் பிடித்தது பிரான்ஸிலா, போர்ச்சுகலிலா, மொராக்கோவிலா என்று சுங்க அதிகாரி கேட்டால், சால்மனாக இருந்தால் ஆற்றின் பெயர்வரை சொல்லக்கூடிய அதே டி.என்.ஏ. இங்கே வாயைத் திறக்காது. அவர் பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைத்தான் பார்க்க வேண்டும்.