ஓடுபவருக்கு முன்னால் எத்தனை பேர்?

டெக்சாஸில் வசித்துக்கொண்டு, அலுவலக நண்பர்களோடு அமர்ந்து அமெரிக்கக் கால்பந்து பார்க்கப் பழகிவரும் வாசகர் ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். பந்தை வாங்கியவர் பெரும்பாலும் நேரே ஆள்கூட்டத்துக்குள் புகுந்து மூன்று நான்கு கஜம் தள்ளிப்போய் விழுந்துவிடுகிறார். முடிவு இதுதான் என்றால், ஒவ்வொரு முறையும் வீரர்கள் இடம் மாறி மாறி நின்று அணிவகுப்பை மாற்றுவதால் என்ன பயன் என்று கேட்கிறார். நியாயமான கேள்வி.

விதிகளில் தேவையானவை சிலவே. பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். ஆட்டம் தொடங்கும் கணத்தில் தாக்கும் அணியில் குறைந்தது ஏழு பேர், பந்து இருக்கும் இடத்தில் குறுக்கே செல்லும் கற்பனைக் கோட்டின் மேல் நிற்க வேண்டும். அவர்களில் ஐவர் கனத்த உடல் கொண்ட தடுப்பாளர்கள். ஐவருக்கும் நடுவில் நிற்கும் சென்டர் பந்தைப் பின்னால் கொடுப்பதற்கு ஸ்னாப் என்று பெயர்.

இனி எல்லாம் கழித்தல் கணக்குதான். தாக்கும் அணியின் 11 பேரில், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் யாரையும் தடுக்க முடியாது. ஸ்னாப்பில் வாங்கிய பந்தை அவர் கையில் கொடுத்துவிட்ட குவார்ட்டர்பேக்கும் அத்தோடு வேடிக்கை பார்ப்பவராகிவிடுகிறார். ஆகத் தடுப்பதற்கு 9 பேர், தடுக்கப்பட வேண்டியவர்கள் 11 பேர். இந்த இரண்டு ஆள் கடனை எப்படி அடைப்பது, அடைக்க முடியாவிட்டால் எப்படி மறைப்பது என்ற கேள்விக்குப் பயிற்சியாளர்கள் காலங்காலமாகக் கண்டுவரும் விடைகளே அணிவகுப்புகள்.

ஒரு வழி, ஆள் சேர்ப்பது. ஐந்து தடுப்பாளர்கள் வரிசையாக நின்றால், அவர்களுக்கு நடுவிலும் இரு ஓரங்களிலுமாக ஓடுவதற்கு ஆறு இடைவெளிகள் கிடைக்கும். தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் கூடிய டைட் எண்ட் ஒருவரை ஓரத்தில் நிறுத்தினால் ஏழு. ஒவ்வோர் இடைவெளிக்கும் எதிரணி ஓர் ஆளைப் பொறுப்பாக்கியாக வேண்டும். குவார்ட்டர்பேக், அவருக்குப் பின்னால் முன்னே ஓடித் தடுக்கும் ஃபுல்பேக், அவருக்கும் பின்னால் ரன்னிங் பேக் என்று மூவரும் ஒரே நேர்கோட்டில் நிற்கும் ஐ ஃபார்மேஷனில் இன்னொரு சூட்சுமமும் உண்டு: ஃபுல்பேக் எங்கே பாய்ந்து நுழைகிறாரோ அங்கே புதிதாக ஓர் இடைவெளி முளைக்கும், அது எந்தப் பக்கம் என்பது ஸ்னாப் ஆகும்வரை எதிரணிக்குத் தெரியாது. ஆனால் நாம் ஆள் சேர்த்தால் அவர்களும் சேர்ப்பார்கள், நெரிசல்தான் மிஞ்சும்.

மற்றொரு வழி, ஆளை விலக்குவது. மைதானத்தின் அகலம் 53 கஜத்துக்குச் சற்று அதிகம். எறியும் பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவர்கள் மூவரை ஓரங்களுக்கு அனுப்பினால், அவர்களைக் கவனிக்க மூன்று பேர் போயாக வேண்டும். நீண்ட எறிதலுக்கு அஞ்சி இன்னும் இருவர் ஆழத்தில் நிற்பார்கள். பாக்ஸ் என்று இவர்கள் சொல்லும் நடுப்பகுதியில் மிஞ்சுவது ஆறு பேர். எதிரே ஐந்து தடுப்பாளர்களும் ஒரு டைட் எண்டும் சேர்ந்து ஆறு. கடனாளி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்; கூடுதலாக இருந்த அந்த இருவரும் மறைந்துவிடவில்லை, கைக்கெட்டாத தொலைவில் நிற்கிறார்கள்.

என்.எஃப்.எல். என்னும் தொழில்முறை லீகின் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணி 2018இல் ஏறத்தாழ எப்போதும் இந்த மூன்று ரிசீவர் ஏற்பாட்டிலேயே நின்றது. அதன் நட்சத்திர ஓட்டக்காரர் டாட் கர்லி டிசம்பரில் முழங்கால் உபாதையால் வெளியே அமர நேர்ந்தபோது, அதே பருவத்தில் வேறு இரு அணிகள் கழற்றிவிட்டிருந்த சி.ஜே. ஆண்டர்சனை அழைத்து அவர் இடத்தில் நிறுத்தினார்கள். ஆண்டர்சன் முதல் ஆட்டத்தில் 167 கஜம் ஓடினார், அடுத்ததில் 132 கஜம். எதிர்த்து நின்ற இரு அணிகளும் அந்தப் பருவத்தில் பலவீனமானவை என்பதைக் கழித்துக்கொண்டாலும், ஓட்டக்காரர் என்ற ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார்க்கும் பரிசோதனை விளையாட்டில் இவ்வளவு சுத்தமாக அமைவது அரிது. பிறகு 2019 பிப்ரவரி 3 அன்று, பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஆட்டத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் கோட்டின் மேலேயே ஆறு பேரை வரிசையாக நிறுத்தியது. அன்று கர்லிக்கு 35 கஜம், ஆண்டர்சனுக்கு 22 கஜம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஆறுக்கு ஆறு என்ற சமநிலையைக் குலைப்பது எளிது. ஆழத்தில் நிற்பவர்களில் ஒருவரை முன்னால் இறக்கினால் போதும், பாக்ஸில் ஏழு பேராகிவிடுவார்கள். அந்த ஏழாவது ஆளை யார் தடுப்பது? 1990களின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள கிளென்வில் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியில் ரிச் ராட்ரிகஸ் பயிற்சியாளராக இருந்தபோது இதற்கு விடை தற்செயலாகக் கிடைத்தது என்று சொல்வார்கள். பயிற்சியின்போது பந்து கைமாறுவதில் தடுமாற்றம் ஏற்பட, குவார்ட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக ஓடிவிட்டார். ஏன் அங்கே ஓடினாய் என்று கேட்டதற்கு, ஓரத்தில் நின்றவர் உள்ளே பாய்ந்துவிட்டார், அந்த இடம் காலியாக இருந்தது என்று பதில் வந்ததாம். ஸோன் ரீட் என்று இன்று எல்லாரும் ஆடும் உத்தி இப்படித்தான் பிறந்ததாம்.

அதைக் கிட்டத்தில் நின்று பார்ப்போம். குவார்ட்டர்பேக் சென்டருக்கு ஐந்து கஜம் பின்னால் நிற்கும் ஷாட்கன் அணிவகுப்பு. ரன்னிங் பேக் அவருக்கு இடப்புறம் நிற்கிறார். ஸ்னாப் ஆனதும் தடுப்பாளர்கள் அனைவரும் வலப்பக்கமாக அடியெடுக்கிறார்கள். இடக்கோடியில் நிற்கும் எதிராளியை மட்டும் வேண்டுமென்றே ஒருவரும் தொடுவதில்லை. ரன்னிங் பேக் இடமிருந்து வலமாகக் குறுக்கே ஓடிவர, குவார்ட்டர்பேக் பந்தை அவர் வயிற்றில் பதித்தபடி, ஆனால் கையை எடுக்காமல், தொடாமல் விட்ட அந்த ஆளின் தோள்களையே பார்க்கிறார். தோள்கள் உள்நோக்கித் திரும்பினால் பந்தை உருவிக்கொண்டு, அவர் காலி செய்த ஓரத்தின் வழியே தானே ஓடுவார். தோள்கள் நேராக இருந்தால் பந்தை விட்டுவிடுவார். இத்தனையும் ஒரு நொடிக்குள் நடந்து முடிகிறது.

அந்த ஆள் ஏன் பொறுத்திருந்து பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்று கேட்கலாம். தெரிவுகள் கூடக்கூட மனிதன் முடிவெடுக்கும் நேரமும் கூடுகிறது என்பதை வில்லியம் ஹிக் 1952இல் அளந்து காட்டினார். ஒரே குறிக்கு எதிர்வினை காட்ட ஐந்தில் ஒரு நொடி போதும் என்றால், இரண்டில் ஒன்றைத் தேர்வதற்கு அது போதாது. நொடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் ஓடுபவர் 0.3 நொடியில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் போய்விடுவார், அதாவது கை நீட்டினாலும் எட்டாத தூரம். முந்திக்கொண்டு பாயலாமே என்றால், 115 கிலோ எடையுள்ள உடல் நொடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் ஒரு திசையில் கிளம்பிவிட்ட பிறகு, அதிலுள்ள 920 ஜூல் இயக்க ஆற்றலைக் கால்களால் தரையை ஊன்றி முழுவதும் செரித்த பின்புதான் மறுதிசைக்குத் திரும்ப முடியும். நின்றாலும் தவறு, பாய்ந்தாலும் தவறு. ஒருவர் விரல்கூடப் படாமல் அவர் தடுக்கப்பட்டுவிட்டார். அவரைத் தடுத்திருக்க வேண்டிய ஆள் முன்னேறிப்போய், எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரை முட்டுகிறார். ஆறு பேர் ஏழு பேரைச் சமாளித்துவிட்டார்கள். எதிரணிகள் சும்மா இருக்கவில்லை. ஓர ஆளை வேண்டுமென்றே உள்ளே பாயவிட்டு, அவர் விட்ட இடத்துக்கு லைன்பேக்கரைச் சுற்றி வரச் செய்து குவார்ட்டர்பேக்கை ஏமாற்றக் கற்றுக்கொண்டார்கள்.

ஷாட்கனுக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ரன்னிங் பேக் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதே அவர் எந்தப் பக்கம் ஓடுவார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்; பந்தை வாங்கும்போது அவர் வேகம் முன்னோக்கி இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும். நெவாடா பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஆல்ட் 2005இல் குவார்ட்டர்பேக்கை நான்கு கஜம் பின்னாலும், அவருக்கு நேர்பின்னால் மூன்று கஜத்தில் ரன்னிங் பேக்கையும் நிறுத்தி, அதற்குப் பிஸ்டல் என்று பெயரிட்டார். நான்கும் மூன்றும் ஏழு. பழைய ஐ ஃபார்மேஷனில் ஓட்டக்காரர் நின்ற அதே ஆழம். முன்னோக்கிய வேகம் திரும்பக் கிடைத்தது, திசை மறைந்தது, தோள்களைப் படிக்கும் வசதியும் கெடவில்லை. 2009இல் நெவாடா வீரர்கள் மூவர் ஒரே பருவத்தில் தலா ஆயிரம் கஜத்தைத் தாண்டினார்கள். அவர்களில் ஒருவரான காலின் கேப்பர்னிக், 2013 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ அணிக்காக ஒரே ஆட்டத்தில் 181 கஜம் ஓடி, குவார்ட்டர்பேக்குகளுக்கான சாதனையைப் படைத்தார். 2019இல் லாமார் ஜாக்சனை வைத்து பிஸ்டலை அதிகம் ஆடிய பால்டிமோர் ரேவன்ஸ் 3,296 கஜம் ஓடி லீகின் பருவச் சாதனையை முறியடித்தது.

இன்று ஒவ்வொரு வீரரின் தோள்கவசத்திலும் ஒரு சில்லு இருந்து, நொடிக்குப் பத்து முறை அவர் இருக்கும் இடத்தைப் பதிவு செய்கிறது. ஓர் ஓட்டம் எத்தனை கஜம் போகும் என்று கணிக்க 2019இல் லீக் ஒரு போட்டி நடத்தியபோது, வென்ற இருவரும் அணிவகுப்பின் பெயரைப் பொருட்படுத்தாமல், வீரர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு தொலைவில், எந்த வேகத்தில் இருக்கிறார்கள் என்பதையே பெரிதும் நம்பினார்கள். அணிவகுப்பு என்பதே அந்தத் தொலைவுகளை அமைத்துக்கொள்ளும் வழிதான் என்பதால் எனக்கு இதில் வியப்பில்லை. முதலில் நிறைய ஓடி ஓட்டத்தை நிலைநாட்டினால்தான் கொடுப்பதுபோல் நடித்துவிட்டு எறிவது பலிக்கும் என்று வர்ணனையாளர்கள் இன்றும் ஓதுகிறார்கள். தேடியவர்களுக்கு அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, புது வண்டிச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பதைப் போன்றதுதான் அது. மக்களின் வரிப்பணமும் சேர்ந்து எழும்பிய மைதானங்கள் பல உள்ள நாட்டில், அங்கே எடுக்கப்படும் அளவுகளை அவ்வப்போது போட்டிக்கு மட்டும் கிள்ளிக் கொடுக்காமல், பல்கலைக்கழகங்களுக்கு முழுமையாகத் திறந்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

டெக்சாஸ் வாசகர் அடுத்த ஆட்டத்தில் பந்தைச் சற்று மறந்துவிட்டு, ஸ்னாப்புக்கு முன் பாக்ஸில் நிற்பவர்களை எண்ணட்டும். ஸ்னாப் ஆன பிறகு, யாரும் தொடாமல் விட்ட ஒருவர் ஓரத்தில் தனியே நின்றால், அவருடைய தோள்கள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதைப் பார்க்கட்டும்; குவார்ட்டர்பேக்கும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.